தம்பிக்கு வந்தது டெங்கு, லெப்பில் பார்த்தது கொலஸ்ட்ரோல். ஏன்?

மடுவத்தடி கேட்டது:

வணக்கம். ஹட்டன் பக்கம், தோட்டத்து பெக்டரியில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமையாக ஒரு சந்தேகம் மண்டையைக் குடைகிறது. வார்டில் கேட்டுப் புரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் தம்பிக்கு 22 வயது. புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கிய இரவே காய்ச்சலில் விழுந்தான். பனிக்காற்று பட்டுவிட்டது என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். மூன்றாம் நாளும் விடவில்லை, இரத்தம் பார்த்தோம். என்.எஸ்.1 என்ற டெங்கு டெஸ்ட் பொசிட்டிவ், பிளேட்லெட் 138,000. அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. அம்மா சாமிக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை உடைக்கவே ஆள் அனுப்பிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்துத்தான் அவனை நர்ஸ்மார் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றி, மணிக்கொரு தடவை நாடி, பிரஷர், போன சிறுநீர் எல்லாம் அளந்து எழுதத் தொடங்கினார்கள். காய்ச்சல் 103 அடித்தபோது இல்லாத பரபரப்பு, உடம்பு சில்லென்று ஆனபிறகு எதற்கு?

இப்போது என் கேள்வி. வீட்டுக்கு வரும்போது கொடுத்த தாள்களைப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் பி.சி.வி. 41, ஐந்தாம் நாள் 47. பிளேட்லெட் 42,000. அல்புமின் 3.1. ஏ.எஸ்.டி. 212, ஏ.எல்.டி. 118. லக்டேட் 1.6. அப்புறம் கொலஸ்ட்ரோல், இரண்டு தடவை: 108, அடுத்த நாள் 84. 84க்குப் பக்கத்தில் குறைவு என்று குறி.

54 கிலோ பையனுக்கு, அதுவும் டெங்குக் காய்ச்சலில், கொலஸ்ட்ரோல் எதற்கு? பக்கத்துக் காம்பரா பெரியப்பா, "கொழுப்பு குறைஞ்சா நல்லதுதானேப்பா, எனக்கு 240 நிக்குது" என்கிறார். வார்டில் கேட்டதற்குச் சிங்களத்தில் மளமளவென்று சொன்னார்கள். "லீக்" என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. பைப் லீக் ஆவது தெரியும். ஆளுக்குள் என்ன லீக்?

ரோதைமுனி பதில்:

பெரிதாக ஒன்றும் இல்லை அண்ணா. ஒரு தாளில் எல்லா டெஸ்டுக்கும் கோடு போட்டுவிடுவார்கள், அதில் கொலஸ்ட்ரோலும் போயிருக்கும். பப்பாசி இலைச் சாறு கொடுத்தீர்களா? எங்கள் வீட்டில் அதில்தான் பிளேட்லெட் ஏறியது.

ஊதாமூடி பதில்:

தவறிப் போட்ட கோடு இல்லை. இரண்டு நாள் அடுத்தடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் யாரோ யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

நான் டொக்டர் இல்லை, லெப் ஆள். பெயர்ப்பட்டியில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்று நீளமாக இருக்கும். வார்டில் "லெப் மிஸ்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான வருஷம், கீழ்நாட்டில் ஓர் ஆசுபத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரத்தக் கலங்களை எண்ண எடுக்கும் ஊதா மூடி டியூப் தட்டுத் தட்டாக வரும். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தம்பி, நீங்கள் பெக்டரியில் என்கிறீர்கள், பாதி விளக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கொழுந்தைத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டால் என்ன குறைகிறது? இலை குறைவதில்லை, தண்ணீர் போகிறது. இரத்தத்தில் செங்குழியங்கள்தான் இலை, பிளாஸ்மா என்ற மஞ்சள் நீர்தான் அந்தத் தண்ணீர். பி.சி.வி. என்பது நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்ற கணக்கு. 41 இரண்டு நாளில் 47 ஆனது புதிதாக இரத்தம் ஊறியதால் அல்ல. நீர் வெளியே போய் மிச்சம் தடித்துவிட்டது. டெங்குவில் மயிர்த்துளைக் குழாய்களின் உள்பூச்சு நைந்து, பிளாஸ்மா இரத்தக் குழாயை விட்டு நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசியும். லீக் என்றது இதைத்தான். ஒரு சொட்டு இரத்தம் வெளியில் தெரியாது. ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார், உள்ளே குழாய் வற்றிக்கொண்டிருக்கும்.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அதனால்தான் உடம்பு சில்லென்று ஆனதும் கட்டில் மாறியது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், தேங்காயை இரண்டு நாள் பொறுத்து உடைத்திருக்கலாம்.

சரி, கொலஸ்ட்ரோலுக்கு வருகிறேன். கசிவு என்று அடித்துச் சொல்ல பி.சி.வி. 20 வீதம் ஏற வேண்டும் என்பார்கள். 41க்கு 49 தாண்ட வேண்டும். உங்கள் தம்பி 47இல் நின்றுவிட்டார். அப்போ கசிவு இல்லையா? அங்கேதான் சிக்கல். மூன்றாம் நாளிலிருந்து ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் குடித்திருப்பார், சலைனும் ஏறியிருக்கும். ஒரு பக்கம் நீர் போகிறது, மறுபக்கம் ஊற்றுகிறோம். தடித்த இரத்தம் மறுபடி நீர்த்துப் போய் பி.சி.வி. நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளுக்குள் இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான், ஏற வேண்டியது ஏறாது.

அந்த நேரத்தில் இன்னொரு சாட்சி வேண்டும். பிளாஸ்மா வெறும் தண்ணீர் இல்லை. அதில் அல்புமின் என்ற புரதம் மிதக்கிறது, கொலஸ்ட்ரோலைச் சுமக்கும் கொழுப்புப் புரதத் துணிக்கைகள் மிதக்கின்றன. கசியும்போது இவையும் சேர்ந்து போகும். ஆனால் நாங்கள் ஏற்றும் சலைனில் உப்பும் தண்ணீரும் மட்டும்தான், புரதமும் இல்லை கொழுப்பும் இல்லை. போன நீரை ஈடு செய்யலாம், போன அல்புமினை அது ஈடு செய்யாது. பி.சி.வி.யை சலைன் மறைத்தாலும் அல்புமினும் கொலஸ்ட்ரோலும் காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டு டெங்கு வழிகாட்டியிலேயே இருக்கிறது: அல்புமின் 3.5க்குக் கீழே, அல்லது சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று எடுக்கும் கொலஸ்ட்ரோல் 100க்குக் கீழே, அல்லது முன்பிருந்ததை விட 20 குறைந்தால் கசிவைச் சந்தேகி. உங்கள் தம்பி 108இலிருந்து 84. எண்ணும் 100க்குக் கீழே, வீழ்ச்சியும் 24. அல்புமினும் 3.1. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. வயிற்றை ஸ்கேன் பண்ணியிருப்பார்களே? பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீரா என்று பார்க்கத்தான்.

பெரியப்பாவின் 240 வேறு கதை, அது பல வருஷமாக மெல்லக் குழாயை அடைக்கும் கணக்கு. ஒரே இரவில் 24 இறங்குவது நல்லதாக எப்படி இருக்கும்? இறங்குவதற்குக் கசிவு மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரல் நொந்திருக்கும்போது துணிக்கை செய்வது குறையும், எந்தக் கடும் தொற்றிலும் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் தாழும். அதனால் கொலஸ்ட்ரோல் மட்டும் வந்து "இது டெங்கு" என்று சொல்லாது. அதைச் சொல்வது என்.எஸ்.1. காட்டுக்குள் புகுந்தது யார் என்பது என்.எஸ்.1இன் வேலை, எத்தனை வேலி பிய்ந்தது என்பது மற்ற எண்களின் வேலை.

ரோதைமுனி, பப்பாசி இலையைப் பற்றி ஒரு வரி. பிளேட்லெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது என்று சில ஆய்வுகள் உண்டு. ஆனால் ஏழாம் எட்டாம் நாளில் அது தானாகவே ஏறும், சாறு குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும். டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் கசிவு. ஏற்கெனவே குமட்டும் வயிற்றில் அந்தக் கசப்பை ஊற்றி, குடித்த ஜீவனியையும் வாந்தியாக வெளியேற்றினால் யாருக்கு லாபம்?

மடுவத்தடி எழுதியது:

அக்கா, வாட்டும் தொட்டியை வைத்துச் சொன்னதும் பளிச்சென்று ஏறிவிட்டது. ஸ்கேன் பண்ணினார்கள்தான், வலது பக்கம் கொஞ்சம் நீர் என்று எழுதியிருக்கிறது.

இன்னும் இரண்டு. ஏ.எஸ்.டி. கூடவும் ஏ.எல்.டி. குறைவாகவும் இருப்பது ஏன்? அப்புறம், லக்டேட்டுக்கு எடுத்த இரத்தத்தை ஐஸ் போட்ட கிண்ணத்தில் வைத்து ஒரு பையன் ஓடினார். மற்ற டியூப் எல்லாம் சாவகாசமாகத்தான் போயின. அதில் என்ன அவசரம்?

ஊதாமூடி பதில்:

அந்த ஓட்டத்தைக் கவனித்தீர்களே, உங்களை லெப்புக்கு எடுத்திருக்கலாம்.

முதலில் ஏ.எஸ்.டி. இரண்டும் ஈரலில் உள்ள நொதியங்கள். ஏ.எல்.டி. பெரும்பகுதி ஈரலுக்கே சொந்தம். ஏ.எஸ்.டி. தசையிலும் இதயத்திலும் செங்குழியத்திலும்கூட உண்டு. டெங்குவில் ஈரலோடு தசையும் அடிபடும், உடம்பு முறிகிறது என்று தம்பி புலம்பியிருப்பாரே. அதனால் ஏ.எஸ்.டி. முந்தும். 1000 தாண்டினால் கடும் டெங்கு என்று எடுப்பார்கள், 212 அந்தப் பக்கமே போகவில்லை. பெனடோல் கணக்கில் மட்டும் கவனம். பெரியவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு மாத்திரை என்பதே உச்சம், 54 கிலோக்காரருக்கு அதிலும் குறைவு. காய்ச்சல் விடவில்லை என்று இடையில் இன்னும் இரண்டு போட்டால் நொந்த ஈரல்தான் அதையும் சுமக்கும்.

லக்டேட்டுக்கு வாருங்கள். கலங்களுக்குப் போதிய இரத்தமும் ஒட்சிசனும் போகாவிட்டால், குளுக்கோசைப் பாதியிலேயே உடைத்துச் சமாளிக்கும். அப்போது மிஞ்சுவது லக்டேட். 2க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால், பிரஷர் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே, உள்ளே பட்டினி தொடங்கிவிட்டது என்று பொருள். இளம் பிள்ளைகளுக்குப் பிரஷர் கடைசி வரை பிடித்து நின்று, விழும்போது ஒரேயடியாக விழும். அதனால் உங்கள் தம்பியின் 1.6தான் அந்தத் தாளிலேயே எனக்குப் பிடித்த எண்.

ஆனால் டியூப்பில் எடுத்த இரத்தம் உயிரோடு இருக்கிறது. செங்குழியங்கள் டியூப்புக்குள்ளும் குளுக்கோசைத் தின்று லக்டேட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் புளோரைட் போட்ட சாம்பல் மூடி, அதற்கு மேல் ஐஸ், அதற்கு மேல் ஓட்டம். கையில் கட்டும் பட்டியை இறுக்கி நெடுநேரம் விட்டாலோ, கையை மூடி மூடித் திற என்றாலோகூட எண் பொய்யாக ஏறும்.

ஒரு தடவை நடந்தது. எந்த இடம் என்று வேண்டாம். தோட்டத்தில் நடந்த ஒரு முகாமில் காலையில் எடுத்த இரத்தம், சாம்பல் மூடி தீர்ந்துவிட்டது என்று வெறும் டியூப்பில் போட்டு, நான்கு மணித்தியாலம் கழித்து முச்சக்கரவண்டியில் வந்தது. ஒரு அம்மாவின் சீனி 52. மயங்கி விழுந்திருக்க வேண்டிய எண். பதறிப் போய் போன் எடுத்தால், அந்த அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார், பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சீனி அவர் உடம்பில் குறையவில்லை, டியூப்பில்தான் குறைந்தது. வெறும் டியூப்பில் சீனி மணிக்கு ஐந்து ஆறு வீதமாவது கரைந்துகொண்டே போகும். நம் தோட்டத்து ரோட்டில் குலுங்கி வந்தால் செங்குழியமும் உடைந்து ஏ.எஸ்.டி.யும் பொட்டாசியமும் சேர்ந்து பொய் சொல்லும். மலைநாட்டில் லெப் வேலை என்றால் பாதி இந்தக் கவலைதான்.

இன்னொன்று. சலைன் கொடுத்தும் ஆள் தேறவில்லை என்றால் வார்டில் நான்கு விஷயத்தை ஒன்றாகப் பார்ப்பார்கள்: இரத்தம் அமிலமாகிவிட்டதா, எங்காவது இரத்தக்கசிவா, கல்சியம் குறைவா, சீனி குறைவா. நான்கில் மூன்று அனுசேபத்தின், அதாவது உடம்புக்குள் நடக்கும் இரசாயன வேலைகளின் கணக்கு. வைரஸைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை பாருங்கள்.

பேராதனைப்பிள்ளை பதில்:

மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருஷம். ஊதாமூடி அக்கா சொன்னது வார்டில் பார்க்கும் எண்கள். படிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பின்னால் இருப்பது, கொஞ்சம் சொல்கிறேன்.

டெங்கு வைரஸுக்கு மொத்தமே பத்துப் புரதம் செய்யும் அளவுக்குத்தான் பரம்பரைக் குறிப்பு இருக்கிறது. சொந்த அடுப்பு கிடையாது, விறகும் கிடையாது. நம் கலத்துக்குள் புகுந்து நம் அடுப்பில் சமைத்தாக வேண்டும். அதனால் வைரஸ் பெருகினால் அடுப்புக் கணக்கில் தெரியாமல் இருக்காது. அதன் என்.எஸ்.3 புரதம், கொழுப்பமிலம் தயாரிக்கும் நம்முடைய நொதியத்தைத் தான் பெருகும் இடத்துக்கே இழுத்துக்கொள்கிறது என்று 2010இல் காட்டினார்கள். 2015இல் இன்னொரு குழு, தொற்றிய கலம் குளுக்கோசை வேகமாக உடைக்கிறது, அதைத் தடுத்தால் வைரஸ் உற்பத்தி குறைகிறது என்று காட்டியது.

நம் உடம்பும் பதிலுக்கு அனுசேபத்தைத் திருப்பும். டிரிப்டோபான் என்று ஓர் அமினோ அமிலம், சாப்பாட்டில்தான் வர வேண்டும். வைரஸ் வந்ததும் நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்பு) கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை விடும், அது ஒரு நொதியத்தை எழுப்பும், அந்த நொதியம் டிரிப்டோபானைக் கைனுரெனினாக உடைக்கும். டெங்குவிலும் கொவிட்டிலும் ஒன்று தாழ்ந்து மற்றது ஏறுவதை இரத்தத்தில் அளக்க முடிகிறது. அதே டிரிப்டோபானிலிருந்து வருவதுதான் செரோட்டொனின் என்ற சமிக்ஞை மூலக்கூறு. அது இரத்தத்தில் பிளேட்லெட்டுக்குள்தான் பெரும்பாலும் பதுங்கியிருக்கும். 2016இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே செரோட்டொனின் அளவை வைத்து, பின்னால் யாருக்குக் கடுமையாகும் என்று ஊகிக்கலாம் என எழுதினார்கள். திணிவு நிறமாலைமானி என்ற, மூலக்கூறுகளைத் திணிவை வைத்துப் பிரித்தறியும் கருவியில் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளைப் பார்த்துத்தான் அதற்கு வந்தார்கள்.

நம் நாட்டிலும் நடக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு, குழாயைக் கசிய வைப்பதில் பிளேட்லெட்டைத் தூண்டும் காரணி என்ற ஒரு கொழுப்பு மூலக்கூறுக்குப் பங்கு இருப்பதைக் காட்டியது. அதைத் தடுக்கும் ருபடடின் என்ற ஒவ்வாமை மாத்திரையை டெங்கு நோயாளரிடம் சோதித்தும் பார்த்தார்கள். வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் மருந்தாக அது ஆகவில்லை, வீட்டில் வாங்கிப் போட வேண்டாம்.

நானுஓயாக்காரி கேட்டது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கருவி இருந்தால், காய்ச்சல் வந்த முதல் நாளே ஒரு துளி இரத்தத்தில் எல்லாம் சொல்லிவிடலாமே? அம்மாவுக்குச் சீனி வருத்தம், மெட்போமின் குடிக்கிறார், அதனால் பயம்.

ஊதாமூடி பதில்:

பேராதனைத் தம்பி எழுதியது அழகு. ஆனால் அந்தக் கருவிக்குக் குளிர்சாதன அறை, தடையில்லாத கரண்ட், அதை மட்டுமே பார்க்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். என் லெப்பில் மின்னல் வெட்டினால் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜே நின்றுவிடுகிறது. இன்னொரு தடை அதைவிடப் பெரியது. ரொட்டி சாப்பிட்டாரா, பட்டினியா, குளுக்கோஸ் சலைன் ஏறுகிறதா, டியூப் எத்தனை நேரம் மேசையில் கிடந்தது என்பதற்கெல்லாம் இந்த மூலக்கூறுகள் ஆடும். நல்ல குளிர்பெட்டியில் எடுத்த மாதிரியில் கிடைத்த பதில், எங்கள் மலையிலிருந்து பஸ்ஸில் வரும் மாதிரியில் கிடைக்குமா?

அம்மாவைப் பற்றி: காய்ச்சல் என்றால் முதல் நாளே டொக்டரிடம் சீனி வருத்தத்தையும் மெட்போமினையும் சொல்லிவிடுங்கள், மாத்திரை அட்டையையே கொண்டுபோங்கள். தொற்று வந்தால் சீனி ஏறும். சாப்பிடாமல் கிடந்தால் இறங்கவும் செய்யும். சிறுநீரகம் தளரும் நேரத்தில் மெட்போமின் லக்டேட்டைக் கூட்டக்கூடும் என்பதால் கடும் நோயில் அதை நிறுத்தி வைப்பார்கள். நிறுத்துவதும் தொடர்வதும் அவர்கள் முடிவு, நீங்களாகச் செய்ய வேண்டாம். மற்றபடி பழைய விதிதான். மூன்றாம் நாள் எப்.பி.சி. (முழு இரத்தக் கல எண்ணிக்கை), நாளுக்கு இரண்டரை லீட்டர் வரை நீராகாரம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், பீட்ரூட் சாறும் நெஸ்கபேயும் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த சாறா என்று எங்களையும் சேர்த்துக் குழப்பும்.

மடுவத்தடி எழுதியது:

இன்றைக்குக் கிளினிக் போய் வந்தோம். பிளேட்லெட் 261,000, பி.சி.வி. 40, அல்புமின் 4.2. நான் விடாமல் கேட்டு கொலஸ்ட்ரோலும் போடச் சொன்னேன். 152.

வீட்டில் புதிய பிரச்சினை. 84 இருந்தது 152 ஆகிவிட்டதே, இரண்டு கிழமையில் இவ்வளவு கொழுப்பா என்று அம்மா தம்பிக்குத் தேங்காய்ச் சம்பலை நிறுத்திவிட்டார். பெரியப்பா வேறு, "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார்.

ஊதாமூடி பதில்:

152 சுத்தமான எண். லெப் மிஸ் சொன்னார் என்று சொல்லி ரொட்டியோடு சம்பலைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவை அந்த 240ஐத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்.